பக்கத்துக் கார் தெரியாத கமெரா

இணையத்தில் கார்ப் பந்தயம் ஓடும் எங்கட பொடியளிடம் எந்தக் கமெரா என்று கேட்டால், பழகினது எதுவோ அதுதான் என்பார்கள். பழகட்டும். ஆனால் பக்கத்தில் வருகிறவனுக்கு எவ்வளவு இடம் விடுவோம் என்பதை அந்தக் கமெராதான் தீர்மானிக்கிறது.

காருக்குப் பின்னால் நின்று பார்க்கும் கமெராவைச் சின்னப்பிள்ளை வேலை என்று சிலர் நக்கலடிப்பார்கள். நான் அடிக்கமாட்டேன். இரண்டு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று அதில் தெரியும். ஓட்டுநர் இருக்கைக் கமெராவில் பிறேக் பிடிக்கும் இடமும் வளைவின் உள்முனையும் துல்லியமாகப் பிடிபடும் என்பதால் நான் அதில்தான் ஓடுகிறேன். பக்கம்தான் தெரியாது. 60 சென்ரிமீற்றர் அகலமான திரையை 70 சென்ரிமீற்றர் தள்ளியிருந்து பார்ப்பவருக்குப் பொருத்தமான பார்வைக் கோணம் ஏறத்தாழ 46 பாகை. நிஜத்தில் தலை திருப்பாமலே 180 பாகை வரை கண்ணுக்கு எட்டும். கோணத்தைக் கூட்டினால் பக்கம் கொஞ்சம் தெரியும். வளைவோ உள்ளதைவிடத் தூரத்தில் நிற்பதாகத் தோன்றி ஏமாற்றும். ஆகவே இடம் வலம் பார்க்கும் பட்டன்களை ஸ்ரியரிங்கில் பெருவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள். 'அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே'யில் கிட்ட வரும் கார்களைக் காட்டும் ராடார் உண்டு. அதை அணைத்துவிட்டு வீரம் காட்டத் தேவையில்லை.

வலப்பக்கம் இருந்து ஓட்டிப் பழகிய எங்களுக்கு, இடப்பக்க ஸ்ரியரிங் உள்ள ஐரோப்பியக் காருக்குள் ஏறியதும் வலப்பக்க அகலம் பிடிபடாது. கண்டி வீதியில் மினிபஸ்ஸை முந்திய அனுபவம் அங்கே உதவாது. (ஹோர்ன் அடித்தால் விலகுவார்கள் என்ற நம்பிக்கையையும் கைவிடலாம்.)

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் சேர்வரின் தூரம். மணிக்கு 180 கிலோமீற்றரில் ஓடும் கார் ஒரு செக்கனில் 50 மீற்றர் கடக்கும். சமிக்ஞை 100 மில்லிசெக்கன் பிந்தினால் 5 மீற்றர், அதாவது ஒரு முழுக் காரின் நீளம். அந்த இடைவெளியைக் கேம் ஊகித்து நிரப்புகிறது. நேர்ப்பாதையில் ஊகம் சரிவரும். முன்னால் போகிறவன் திடீரெனப் பிறேக் அடித்தாலோ, பிறேக்கில் இருக்கும்போது பாதை மாறினாலோ பிழைத்துவிடும். என் திரையில் உரசாத கார் அவனுடைய திரையில் இடிபட்டிருக்கும். சேர்வருக்குக் கிட்ட, சிங்கப்பூரில் இருப்பவன் அரைக் கார் இடைவெளி விட்டால் நாங்கள் ஒரு கார் விடவேண்டும். பம்பரில் ஒட்டிக்கொண்டு ஓடும் உரிமை எங்கள் இணைப்புக்குக் கிடையாது.

மோதல் நடந்தால் 'ஐரேசிங்' என்ற பந்தயக் கேம் குற்றவாளியைத் தேடுவதில்லை. பாதையை விட்டு இறங்கினால் 1 தவறுப்புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, காரோடு கார் பலமாக மோதினால் இருவருக்கும் 4. அநியாயம் என்று கத்துவார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, அடிபடாமல் ஓடுவதும் ஓட்டத்தின் பகுதிதானே. பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2020 மே மாதம் நடந்த இண்டியானாபொலிஸ் மெய்நிகர்ப் பந்தயத்தில், இண்டி 500 வென்ற சிமோன் பஜெனோ வேகத்தைக் குறைக்க, வெற்றிக்கு ஓடிக்கொண்டிருந்த ஃபோர்முலா 1 ஓட்டுநர் லாண்டோ நொறிஸ் பின்னால் போய் மோதினார். நொறிசை விலக்கப்போவதாகப் பஜெனோ தன் நேரடி ஒளிபரப்பில் சொன்னதைப் பார்வையாளர்கள் கேட்டிருந்தார்கள்.

ஒரு சுற்று பின்தங்கி நீலக்கொடி கண்டால் ஐரேசிங்கில் பதறி விலகாதீர்கள். உங்கள் பாதையிலேயே நேராகப் போங்கள், முந்துவது பின்னால் வருகிறவன் பொறுப்பு. இடித்து முன்னேறிவிட்டால் அடுத்த நேர்ப்பாதையிலேயே இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். மன்னிப்பைப் பந்தயம் முடிந்தபிறகு எழுதலாம்.