இரண்டு நோட்டுகள்

தாயில்பட்டியில் ஆபீஸ் போடப் போகிறேன் என்றதும் என் சீனியர் தயங்கினார். "சாத்தூரில் கோர்ட் வாசலில் போடுப்பா. கிராமத்துக்குள் உட்கார்ந்தால் யார் வருவார்கள்?" என்று கேட்டார். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வக்கீலைப் பார்க்க அவர்கள் பகலில் டவுனுக்கு வர முடியாது. அதனால் பகலெல்லாம் நான் கோர்ட்டுகளில் இருந்துவிட்டு, வேலை வேன்கள் ஊருக்குத் திரும்பும் நேரத்தில் ஆபீஸைத் திறப்பேன். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. தனி ஆளாகத் தொழில் நடத்துவதில் நான் எடுத்த முதல் சரியான முடிவு அந்த மூன்று மணி நேரம்தான்.

எங்கள் தொழிலில் விளம்பரம் செய்ய முடியாது. அளவான பெயர்ப் பலகை போன்ற ஒன்றிரண்டுக்கு மேல் பார் கவுன்சில் விதி இடம் கொடுப்பதில்லை. ஒரு கட்சிக்காரர் இன்னொருவரிடம் சொல்லி அனுப்புவதுதான் வரவு. அவர் முதலில் சொல்வது நான் எப்படி வாதாடினேன் என்பதை அல்ல, பணத்தில் எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. ஆரம்பத்தில் ஒருவர் தன் வழக்குக் கட்டை வேறு வக்கீலிடம் கொண்டுபோகக் கேட்டார். பீஸில் ஆறாயிரம் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். விஷயம் காதுக்குப் போனதும் சீனியர் போன் செய்தார். "சாயங்காலத்துக்குள் கட்டைக் கொண்டுபோய்க் கொடு. சக்சேனா தீர்ப்பைப் படிக்கவில்லையா?" ஆர்.டி.சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. அன்று இரவே அந்தக் கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாள் வாங்கியதுதான் என் நீள நோட்டு. ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். இடது பாதியில் என் பீஸ், வலது பாதியில் செலவுக்காக அவர்கள் கொடுத்த பணம். வலது பாதிப் பணம் என்னுடையது அல்ல. ஸ்டாம்பு, டைப்பிங், நகல் மனு, ஜெராக்ஸ் நாற்பது ரூபாய் என்றாலும் அதில் ஏறும். மாதக் கடைசியில் வலது பாதிகளின் மீதத்தைக் கூட்டி, தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பேன். ஒத்துவராமல் நான் தூங்கப் போனதில்லை.

இந்த ஊரில் பணம் தீபாவளியை ஒட்டித்தான் புழங்கும். போனஸ் வரும்போது பழைய பீஸ் பாக்கியெல்லாம் தானாகத் தேடி வரும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் ஆபீஸ் வாடகைக்கே யோசிக்க வேண்டும். அதனால் ஐப்பசி வரவில் நான்கு மாத வாடகையையும் ஜூனியர் சம்பளத்தையும் முதலில் எடுத்து வைத்துவிடுவேன்.

விபத்து வழக்குகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு மாலை, முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். மருந்து கலக்கும் ரூமில் நடந்த விபத்தில் கணவர் போய்விட்டார். அவருக்கு வயது நாற்பது. "பணம் வந்ததும் அதுல ஒரு பங்கு எடுத்துக்கோங்க சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

"அப்படி வாங்கக் கூடாதும்மா" என்றேன். தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2017-இல் பி.சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மட்டுமல்ல, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பார் கவுன்சில் விதியும் அதுதான். பீஸ் பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களை நான் சொல்லியாக வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை அங்கிருந்தே வரும். இழப்பீட்டு மனுவே போட முடியாது, வக்கீலும் தேவையில்லை. அட்டை இல்லையென்றால், பெண் என்பதாலேயே 1987 சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இதைச் சொல்லி எத்தனையோ வழக்குகளை நான் விட்டிருக்கிறேன். விடத்தான் வேண்டும்.

அவரிடம் அட்டை இல்லை. "நீங்களே பாருங்க சார்" என்றார். ஜெயித்தாலும் தோற்றாலும் இருபதாயிரம், முடிந்தபோது தரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

பையிலிருந்து ஒரு ஸ்டாம்பு பேப்பர் வந்தது. பிணவறை வாசலில் ஆலைத் தரப்பினர் இரண்டு லட்சத்தைக் கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் எட்டாவது பிரிவுப்படி, உயிரிழப்புக்கான தொகையை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீடாகாது. அதைக் கேட்டதும்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு பள்ளிக்கூட நோட்டு. "அவுக எழுதி வச்சது சார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்ததும் எழுதிருவாக." ஓரமெல்லாம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி நிறத்தில் மின்னியது. ஒவ்வொரு வரியிலும் தேதி, எத்தனை பெட்டி, என்ன ரேட், கழித்த அட்வான்ஸ், கையில் வந்தது. அட்வான்ஸைக் கழிக்காமல் பார்த்தால் வாரம் 3,600-க்குக் குறையவே இல்லை.

ஆணையர் முன் நடந்த விசாரணையில் ஆலைத் தரப்பு மாதச் சம்பளம் 9,000 என்றது. சட்டம் அப்போது 15,000 வரை கணக்கில் எடுத்தது. அதில் பாதியை, நாற்பது வயதுக்கு அட்டவணை தரும் 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 9,000 என்றால் 8,28,765 ரூபாய். 15,000 என்றால் 13,81,275. இடையில் இருக்கும் ஐந்தரை லட்சத்துக்கு அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. இறந்தவர் தன் வேலையின் போக்கில் எழுதி வைத்தது சாட்சியமாகச் செல்லும் என்று காட்டினேன். ஆணையர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். 15,000 நிலைத்தது. 12 சதவீத வட்டியும் சேர்ந்தது.

பணம் வந்த வாரம் அவர் இருபதாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீது எழுதினேன். வலது பாதியில் மீதம் கிடந்த 310 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதன்பிறகு அவர் தெருவிலிருந்து மட்டும் ஏழு பேர் வந்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இப்போது முதல் கேள்வியாக விபத்து நடந்த தேதியைக் கேட்கிறேன். இரண்டாவது கேள்வி மாறவில்லை: சம்பளத்துக்கு என்ன எழுத்து இருக்கிறது?

பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், இந்தச் சனிக்கிழமையே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, பெட்டி, ரேட், பிடித்தம், கைக்கு வந்தது. ஐந்து விஷயம்தான். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.