கைநாட்டு நம்மது, காசு பட்டாவுக்கு

தன்னார்வலர் என்பது நல்ல சொல்தான். கூலி எதிர்பார்க்காமல், மனசுக்குப் பிடித்து வேலை செய்கிறவர் என்று அர்த்தம். ஆனால் கூலியில்லாத வேலைக்கு நம்ம தெருவில் ரொம்ப காலமாக வேறு பெயர் இருக்கிறது. வெட்டி. சாவுச்சேதி சொல்லப் போனதும், செத்த மாட்டை இழுத்துப் போட்டதும், பிணம் எரித்ததும், ராத்திரி காவல் காத்ததும் அந்தக் கணக்கில்தான் நடந்தது. 'சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும், கடைசியில் சான்றிதழ் தருவோம்' என்று ஒரு தொண்டு நிறுவனத்தில் சொன்னதை வீட்டில் சொன்னேன். எங்கம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எம்.ஏ. படிச்சது வெட்டி வேல பாக்கவா?"

ஆனாலும் போனேன். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடைக் கிராமங்கள் சிலவற்றில், ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை கொடுத்த பருவநிலை நிதியில் நடந்த திட்டம் அது. கடல்நீர் உள்ளே ஏறுகிறது, மழை பொய்க்கிறது, இல்லையென்றால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. விவசாயிகள் இதைத் தாக்குப்பிடிக்க உதவுவது நோக்கம். எனக்கு நிர்வாக உதவியாளர் என்று பெயர். எட்டு மாசம் இருந்தேன். வவுச்சருக்கு எண் போடுவது, மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டு எழுதுவது, பயணப்படி பில்லில் பஸ் டிக்கெட்டை ஒட்டுவது, கூட்டத்துக்கு வருகைப் பதிவேடு எடுத்துப் போவது, எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுவது, காலாண்டு அறிக்கைக்குக் கூட்டல் போட்டுக் கொடுப்பது. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் காசு எந்த வாய்க்காலில் போகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கணும்.

இந்த எழுத்து வேலைக்கு ஏன் சம்பளம் இல்லை என்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். வருகிற பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்கு எடுக்கலாம் என்று இருந்ததை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். பெரிய நிறுவனங்களிடம் வாங்கிச் சேரிக்குள் வேலை பார்த்துவந்த சின்ன அமைப்புகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. பெரிய நிறுவனங்களோ நிர்வாகத் தலைப்பில் எதைக் குறைக்கலாம் என்று தேடினார்கள். நான் இருந்த இடத்தில் ஆலோசகரின் விமான டிக்கெட் குறையவில்லை. எழுத்து வேலைக்காரர்தான் தன்னார்வலர் ஆனார்.

இனி பெரிய பணத்துக்கு வருவோம். 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குறுதி கொடுத்தன. 2020-லிருந்து வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்றார்கள். அந்த அளவை முதல் தடவையாகத் தொட்டது 2022-இல்தான் என்று பணக்கார நாடுகளின் சொந்த அமைப்பான ஓ.இ.சி.டி.யே கணக்குச் சொன்னது. அதிலும் அரசுகளின் வழியாக வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். அடித்தவன் மருத்துவச் செலவுக்கு வட்டிக்குக் கொடுத்த மாதிரி. 2024 நவம்பரில் பாக்கூ மாநாட்டில் ஏழை நாடுகள் 1,30,000 கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி என்று முடித்தார்கள். முடிவை அறிவித்த கையோடு இந்தியப் பிரதிநிதி எழுந்து, ஏற்கமுடியாது என்றார்.

இந்தியா சொன்னது நியாயம். புகையை விட்டது நீங்கள், அனுபவிக்கிறது நாங்கள், அதனால் நீங்கள் கொடுப்பது தர்மம் இல்லை, பாக்கி. இந்த வாதத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். அப்படியே எடுத்துவந்து ஊருக்கும் சேரிக்கும் நடுவே வைத்துப் பார்க்கணும். உலக சபையில் சேரியின் குரலில் பேசுகிற நாடு, பணம் கிராமத்துக்கு வந்து இறங்கும்போது யார் குரலில் பேசுகிறது? அந்தக் கேள்விக்கு என் மேசையில் இருந்த இரண்டு பதிவேடுகள் பதில் சொல்லும்.

முதலாவது வருகைப் பதிவேடு. பெயர், ஆணா பெண்ணா, சமூகம், கையெழுத்து அல்லது கைரேகை. இதில் பக்கத்துக்குப் பக்கம் நம்ம சனங்கதான். பகல் பதினோரு மணிக் கூட்டத்துக்கு ஊர்த்தெருக்காரர்கள் வரமாட்டார்கள். காலனிப் பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்தால் கூட்டம் நிறைந்துவிடும். இரண்டாவது பயனாளிப் பட்டியல். பெயர், சர்வே எண், பட்டா எண், பரப்பு, வங்கிக் கணக்கு, கிராம நிர்வாக அலுவலர் சான்று. உப்பைத் தாங்குகிற நெல் விதை, வரப்பு உயர்த்துதல், பண்ணைக்குட்டை, சூரியசக்தி மோட்டார் எல்லாம் இந்தப் பட்டியலுக்குத்தான். இதில் நம்ம சனங்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற அறிக்கையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். 'பங்கேற்றவர்களில் பெரும்பான்மையினர் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்கள்' என்று முதல் பக்கத்தில் ஒரு வரி வரும். பொய் இல்லை. பங்கேற்றார்கள்தான்.

"ஏ பாப்பா, நாலு தடவ வந்தாச்சு. நாலு தடவயும் ரேகைய உருட்டியாச்சு. வெத ஒருத்தருக்கு, குட்ட ஒருத்தருக்கு. எனக்கு என்னா எழுதியிருக்க அதுல?" என்று ஒரு ஆயா கேட்டது. அந்தக் கட்டத்தில் 'கலந்துகொண்டார்' என்று இருந்தது.

பட்டா ஏன் நம்மிடம் இல்லை என்பது பருவநிலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 2011 கணக்குப்படி அன்றைய நாகை மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தலித்துகள். நிலமோ மிராசுதாரிடமும் கோயிலிடமும் மடத்திடமும் இருந்தது. குடிசை போட்டிருந்த மனைக்கட்டுகூட மிராசுதாருடையதாக இருந்து, 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் குடியிருந்தவர் பெயருக்கு மாற வழி பிறந்தது. கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டாலும் மக்கள்தொகையில் 16.6 சதவீதமான தலித்துகள் கையில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான். பட்டாவைத் தகுதியாக வைத்து ஒரு படிவம் அடித்தால், அதில் சாதி என்ற கட்டமே தேவையில்லை. பட்டாவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதைப் பருவநிலை நிதிதான் முதலில் செய்தது என்று சொல்லவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தது. சாய்ந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. தென்னை வளர்த்தவருக்குப் பெரிய இழப்புதான், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவரும், மட்டை உரித்தவரும், கீற்று முடைந்த பெண்களும் அந்த மரக்கணக்கில் எங்கே? மரம் விழுந்தது கணக்கில் வந்தது. மரத்தை நம்பி இருந்த கை விழுந்தது வரவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் அறிக்கைகளில் 'கடல்மட்டம் உயர்வதால் நிலம் உப்பாகிறது' என்று எழுதுவோம். கடல் ஏறுவது உண்மை. ஆனால் இந்த வட்டாரத்தில் 1990-களில் வயலும் குடிதண்ணியும் உப்பானபோது சனங்க கைநீட்டிக் காட்டியது இறால் பண்ணைகளை. நிலமற்ற கூலிகளும் பெண்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தப் பண்ணைகளுக்கு மறுபடியும் வழி திறந்தது. எல்லா உப்பையும் பருவநிலை தலையில் போட்டுவிட்டால் பக்கத்து வயல் முதலாளிக்கு நிம்மதி. வானத்தின் மேல் யார் வழக்குப் போடுவது?

அந்த ஆயாவின் கேள்விக்குப் பிறகு நான் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். சாயங்காலம் காலனிக்குப் போய் உட்கார்ந்தால் பெண்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். நிலம் எத்தனை மா என்று கேட்கவில்லை. வேலை எத்தனை நாள் என்று கேட்டேன். முன்னே நடவு எத்தனை நாள், களை எத்தனை நாள், அறுப்பு எத்தனை நாள், இப்போது எத்தனை. தண்ணி எப்போ வரும் எப்போ வராது என்று தெரியாததால் நேரடி விதைப்பு செய்கிறார்கள், நடவு போச்சு. கார்த்திகையில் வயல் முங்கிக் கிடந்தால் களையெடுப்பு போச்சு. தை மாசம் மழை பிடித்துக் கதிர் சாய்ந்தால் சேற்றில் ஓடுகிற செயின் மெஷின் வருகிறது, அறுப்பும் போச்சு. சேரி பள்ளத்தில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணி நிற்கிற நாள் தனி. அந்த நாளில் உலையும் இல்லை, கூலியும் இல்லை. விவசாயிக்கு ஒரு மகசூல் நஷ்டம் என்றால், கூலிக்காரிக்கு மூன்று தவணையில் நஷ்டம். பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது பயிற்சிப் பட்டறையில் இல்லை, அந்த நோட்டில்தான்.

அதைத் திட்ட அலுவலரிடம் காட்டி, பயனாளிப் படிவத்தில் 'இழந்த வேலைநாள்' என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் பார்த்தார். "நீங்க சொல்றது நியாயந்தாம்மா. ஆனா லாக்ஃப்ரேம்ல அந்த இண்டிகேட்டர் இல்லியே. இல்லாததுக்கு நான் எப்படிச் செலவு எழுத முடியும்?" என்றார். லாக்ஃப்ரேம் என்பது திட்டம் தொடங்குமுன் நிதி கொடுப்பவரும் நிறுவனமும் பேசி எழுதிய அளவுகோல். அது எழுதப்பட்ட அறையில் கூலிக்காரி யாரும் இருந்திருக்க மாட்டார். எப்படியோ நோட்டின் சுருக்கம் அறிக்கையில் ஒரு பக்கப் பிற்சேர்க்கையாகப் போனது. நோட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. பெண்களிடமே கொடுத்தேன். அடுத்த கிராம சபையில் அதை வைத்துக்கொண்டு எழுந்து பேசினார்கள். பயனாளிப் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். காலனிக்கு வடிகால் வெட்டச் சொல்லித் தீர்மானம் எழுதவைத்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கைநாட்டும் நான் பதிவேட்டில் வாங்கின கைநாட்டும் ஒன்று இல்லை.

2022-இல் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வைக்க ஒப்புக்கொண்டார்கள், 2023-இல் துபாயில் அதற்கு உருவம் கொடுத்தார்கள். இனி இன்னும் பல பெயர்களில் பணம் வரும். எவ்வளவு என்பதை அவர்கள் மாநாட்டில் பேசிக்கொள்ளட்டும். இழப்பு என்றால் எது, இழந்தவர் என்றால் யார் என்பதை நாம பேசணும். நிலமற்றவரை முதல் பயனாளியாக எழுதணும். போன வேலைநாளை இழப்பு என்று எழுதணும். சேரியின் வடிகாலும் வீட்டு மட்டத்தை உயர்த்துவதும் பண்ணைக்குட்டைக்கு முன்னே வரணும். திட்டம் எழுதும்போதே இதெல்லாம் அதில் ஏறணும், பின்னால் சேர்க்க முடியாது என்று பார்த்துவிட்டேன்.

படித்த நம்ம பிள்ளைகள் இந்த அலுவலகங்களுக்குப் போகணும், போய் அந்தப் படிவங்களைப் படிக்கணும். ஆனால் சான்றிதழுக்காகப் போகவேண்டாம். படிவம் எழுதுகிற இடத்துக்கு, சம்பளம் கேட்டு வாங்கிக்கொண்டு போகணும்.