காய்க்காத பச்சை

தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் எடுப்பதையெல்லாம் நாம் எண்ணெய் என்றே அழைத்தாலும், அச்சொல் முதலில் எள்ளுக்கே உரியது. எள்ளின் நெய் எண்ணெய். மற்றவை அப்பெயரை இரவல் வாங்கிக்கொண்டவை. அரபியர் இவ்விதையைச் 'சிம்சிம்' என்பர். அலிபாபா கதையில் குகையின் கதவு இந்தப் பெயரைக் கேட்டே திறக்கிறது. முற்றிய எள்ளுக்காய் நுனியில் வாய் பிளந்து மணிகளைச் சிந்துவதைக் கண்டவர்களுக்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் என்றுமே கதவு திறவாத எள்ளும் உண்டு. அதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

ஊத்துக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் இடையே எள் விதைப்போர் உண்டு. விதைத்த எண்பது, தொண்ணூறு நாளில் எள் அறுவடைக்கு வந்துவிடும். பூக்கும் பருவத்தில் சில செடிகள் மட்டும் வேறு வழியில் செல்லும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த குழல்பூ வரவேண்டிய இடத்தில் பச்சைச் சிற்றிலைக் கொத்துத் தோன்றும். புல்லியும் அல்லியும் இலையாகும். சூலகமுங்கூட இலையுருக் கொள்ளும். பூந்தண்டு நீளாது குறுகும். கணுக்கள் நெருங்கி, நுனி துடைப்பம்போல் கிளைக்கும். காய் பிடிக்காது. இதனைப் பூவிலை நோய் என்றும் பச்சைப்பூ நோய் என்றும் கூறுவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவனின் தந்தை, கையில் செம்புத் தண்ணீருடன் வந்தார். குத்தகை நிலத்தில் எள் விதைத்தவர். "வயலில் கண்ணேறு பட்டுவிட்டது, ஹஜ்ரத்! ஓதிக் கொடுங்கள், தெளித்துப் பார்க்கிறேன்" என்றார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைப் புகையே காரணம் என்று ஊரில் சிலர் கூறினராம்; வரப்புக்கு அப்பால் பயிரிடும் தம்பியின் பொறாமையே காரணம் என்று அவருடைய மனம் கூறியது. அண்ணனும் தம்பியும் பேச்சு நிறுத்தி ஈராண்டு கழிந்திருந்தது. நாம் துஆச் செய்து தண்ணீரை ஓதிக் கொடுத்தோம். பிறகு அவருடனேயே வயலுக்கு நடந்தோம்.

நோயுற்ற செடிகளைப் பிடுங்கிவிடும்படி கூறியபோது அவர் திகைத்தார். "மற்றதெல்லாம் பழுக்கத் தொடங்கிவிட்டது, இவைதாம் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. இதைப் பிடுங்க எப்படி மனம் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வயலிலேயே செழிப்பாய்த் தோன்றியவை அந்தச் செடிகளே.

அச்செழிப்பின் உண்மையை அறிய உலகிற்கு நெடுநாள் ஆயிற்று. பூவின் உறுப்புகள் யாவும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கோதே 1790இல் எழுதினார். பிறழ்ந்து பூத்த மலர்களையும் அவர் சான்றாகக் கொண்டார். இத்தகைய நோய்களுக்குக் காரணம் வைரஸ் என்றே பின்னர்ப் பலகாலம் நம்பினர். 1967இல் ஜப்பானிய அறிஞர்கள் முசுக்கட்டைச் செடியின் குட்டை நோயை ஆராய்ந்தபோது, உணவுச்சாறு ஓடும் குழாய்களில் செல்சுவரற்ற நுண்ணுயிர்களைக் கண்டனர். டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்ததும் நோய்க்குறிகள் தணிந்தன. வைரஸாயின் அம்மருந்துக்கு அடங்கியிராது. 1994இல் அவற்றுக்குப் பைட்டோபிளாஸ்மா என்னும் பெயர் அமைந்தது. எள்ளின் பூவிலை நோயும் இவ்வினத்தால் விளைவதே. இவ்வுயிர் மண்ணில் தனித்து வாழ்வதில்லை. சாறு உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சியே அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது.

2014இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில் கண்டது இன்னும் வியப்பானது. இந்நுண்ணுயிர் சுரக்கும் ஒரு புரதம், பூவை உருவாக்கும் செடியின் சொந்தப் புரதங்களைச் சிதைத்துப் பூவை இலையாக்குகிறது. அந்தப் புரதமுள்ள செடிகளையே தத்துப்பூச்சி முட்டையிட அதிகம் நாடுகிறது. ஆக, செடி தனக்காக வாழ்வதை விட்டுவிடுகிறது. தன்னுள் புகுந்ததற்காகவும் அதைச் சுமந்து செல்லும் பூச்சிக்காகவும் பச்சையாய் நிற்கிறது.

நுட்பங்களையெல்லாம் வரப்பில் நின்று விரித்துரைக்க இயலாது. ஒன்றை மட்டும் கூறினோம்: "இச்செடிகள் உமக்கு ஒரு மணியும் தரப்போவதில்லை. இவற்றில் அமரும் பூச்சிக்கு வரப்பு தெரியாது. உம் வயலிலிருந்து தம்பியின் வயலுக்கும், அவர் வயலிலிருந்து உம் வயலுக்கும் அது போய்வரும். அண்டை வயலுக்குத் தீங்கென்று அறிந்தும் விட்டுவைக்கலாகுமா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் குனிந்து முதற் செடியைப் பிடுங்கினார். மறுநாள் தம்பிக்கும் நாமே சென்று சொன்னோம். இருபுறத்துச் செடிகளும் ஒரே குழியில் புதைக்கப்பட்டன. அவ்வாண்டு விளைச்சல் குறைவுதான். நோய் முன்பே பரவியிருந்தது. அடுத்த பட்டத்தில் வேளாண்மைத் துறையார் பரிந்துரைக்கும் முறைப்படி, ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை என இருவரும் விதைத்தனர். வரப்புக் களைகளையும் அகற்றினர். பச்சைப்பூ அறவே ஒழியவில்லை. எனினும் கண்டவுடன் பிடுங்கும் பழக்கம் அவர்களிடம் வந்துவிட்டது.

துஆவுக்கும் முயற்சிக்கும் இடையே வரப்புக் கட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஓதிய தண்ணீர் கேட்டு வருபவருக்கு அதைக் கொடுப்பதோடு, நாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுப்பதும் கடமையன்றோ? கண்ணேறென்று அயலாரை ஐயுறுவது எளிது. வெயிலில் குனிந்து ஒவ்வொரு செடியின் பூவையும் புரட்டிப் பார்ப்பதுதான் கடினம். செழிப்பெல்லாம் விளைச்சலாகாது. எள் விதைத்திருக்கும் அன்பர்கள் பூக்கும் நாள்களில் வயலை ஒருமுறை சுற்றிவரட்டும். முதற் பச்சைப்பூ கண்ணிற்பட்டால் அதன் அழகில் இரக்கம் கொள்ள வேண்டாம், அன்றே பிடுங்கிவிடுக. அடுத்த வயல்காரரிடமும் அன்றே சொல்லிவிடுக.