சக்கரத்துக்கே பூட்டு

பதினேழு குடுத்துட்டு இருந்த கார்.
ரெண்டு மாசமா பன்னெண்டு.

மொதல்ல பங்க்கைத் திட்டினேன்.
அப்புறம் எத்தனாலை. 20 சதவீதம் கலக்குறாங்க, பெட்ரோலை விட அதுல சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, எல்லாம் சரிதான். அதுக்காக லிட்டருக்கு ஒண்ணு குறையலாம். அஞ்சு எப்படிய்யா குறையும்?

டேங்க் ஃபுல் பண்ணி பழனி போய்ட்டு வந்து, அதே பங்க்ல மறுபடி ஃபுல் பண்ணேன்.
116 கிலோமீட்டர். 9.6 லிட்டர்.
வயிறு எரிஞ்சது.

நேத்து நாகல் நகர்ல மெக்கானிக் தம்பிகிட்ட விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாப்ல. பானட்டைக் கூடத் திறக்கல. ஒவ்வொரு வீல்கிட்டயும் புறங்கையைக் கொண்டு போனாப்ல.
இடது பின்வீல்ல "ஸ்ஸ்"னு கையை உதறினாப்ல.

"அண்ணே, ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகிக் கெடக்கு. பிரேக்கு விடவே இல்ல. மலைக்கோட்டைய கட்டி இழுத்துட்டுத் திரிஞ்சிருக்கீங்க."

ட்ரம்மைக் கழட்டினா கருகின வாடை.
ஏர் ஃபில்டரைத் தட்டினா வத்தலக்குண்டு ரோட்டுப் புழுதி ஒரு கைப்பிடி.
டயர்ல 33 இருக்கணும், 24 இருந்துச்சு.
டிக்கியில, மாடி வேலைக்கு வாங்கி மறந்துபோன சிமெண்ட் மூட்டை. 50 கிலோ. கல்லாவே ஆயிருச்சு.

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன். சக்கரத்தையே பூட்டிட்டு ஓட்டிருக்கேன்!

இன்னைக்கு மறுபடி பழனி. 7.1 லிட்டர்.

பங்க் அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல.

அது கெடக்கட்டும், உங்க வண்டி எத்தனை குடுக்குது?