பாரீஸ் மாநகரில் ஐந்து நாள்

லூர்து நகர்த் திருப்பயணத்தை முடித்துத் திரும்பும் வழியில், 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐந்து நாள் பாரீஸ் மாநகரில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நமது பங்கைச் சேர்ந்த தம்பதியர் ஒருவரும் உடன் வந்தனர். கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர்தம் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டுப் பிள்ளைகள் பணம் சேர்த்து அனுப்பிய பயணம் அது.

ஆசிரியர் எதையும் ஒழுங்குடன் செய்பவர். பார்க்க வேண்டிய 23 இடங்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பார்த்து முடித்ததும் ஒவ்வொன்றாகக் கோடிட்டு வந்தார். முதல் நாள் ஈபெல் கோபுரம். 1889-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்டு, இருபதே ஆண்டுகளில் பிரித்துவிட எண்ணப்பட்ட இரும்புக் கோபுரம், கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. இன்று அதன் உயரம் 330 மீட்டர். அம்மையார் கீழே நின்றவாறே அண்ணாந்து பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி. ஆசிரியரோ அதற்குள் அடுத்த இடத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்.

“நாற்பது வருடமும் இப்படித்தான் சாமி. அவர் முன்னே போவார், நான் பின்னாலே போய்ச் சேருவேன்” என்று அம்மையார் சிரித்துக்கொண்டே கூறினார். நாமும் சிரித்தோம், அதன் பொருளை அப்போது உணர்ந்தோமில்லை.

இரண்டாம் நாள் லூவர் அருங்காட்சியகம். அரசர்களின் அரண்மனையாக இருந்து, 1793-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது அது. 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள ‘மோனா லிசா’ ஓவியத்தின் முன் மக்கள் வெள்ளம் முண்டியடித்தது. அதே கூடத்தில், அதற்கு நேர் எதிர்ச்சுவரில், ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள மாபெரும் ஓவியம் ஒன்று இருக்கிறது. 1563-இல் வெரோனேசே என்னும் ஓவியர் வரைந்து முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ அது. ஆண்டவரும் தேவ அன்னையும் விருந்தின் நடுவில் அமர்ந்திருக்கின்றனர். கூட்டத்தில் பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டி நின்றனர்.

“கல்யாண வீட்டைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லையே சாமி” என்றார் அம்மையார். ஆசிரியர் குறிப்பேட்டில் கோடிட்டுவிட்டு, “நேரமாகிறது, வாருங்கள்” என்றார்.

அன்று மாலைதான் அது நடந்தது. பாரீசின் சுரங்க இரயில் 1900-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, படிகளே. ஆசிரியர் விரைந்து இறங்கிப் பெட்டியில் ஏறினார். நாமும் ஏறினோம். அம்மையார் கடைசிப் படியில் இருக்கையில் கதவுகள் மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவருடைய கைப்பேசியும், தங்குமிடத்தின் முகவரியும் கணவரின் பையில் இருந்தன. மொழியும் தெரியாது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, மறுபக்க நடைமேடைக்கு ஓடி, திரும்பும் இரயிலைப் பிடித்தோம். கால் மணி நேரம்கூட ஆகியிராது. ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியரின் கைகள் நடுங்கியதை நாம் கண்டோம். “கால்வலி என்று காலையிலேயே சொன்னாள் சாமி” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மையார் நடைமேடை இருக்கையில், கையில் செபமாலையுடன் அமைதியாக அமர்ந்திருந்தார். “நானும் தேடப் புறப்பட்டால் இரண்டு பேரும் தொலைந்து போவோம். திரும்பி வருவீர்கள் என்று தெரியும், அதனால் அசையவில்லை” என்றார். ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அருகில் அமர்ந்தார். அவர்கள் எழுவதற்குள் மூன்று இரயில்கள் வந்து போயின.

மறுநாள் காலை குறிப்பேட்டை மனைவியிடம் கொடுத்து, “எங்கே போகலாம், நீயே சொல்” என்றார்.

செயின் நதியின் மீதுள்ள ‘கலைகளின் பாலம்’ வழியே மெல்ல நடந்தோம். காதலர்கள் தம் பெயர் பொறித்த பூட்டுகளை இப்பாலத்தில் மாட்டி, சாவியை ஆற்றில் எறிவது வழக்கமாயிருந்தது. பாரம் தாங்காமல் 2014-இல் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. 2015-இல் ஏறக்குறைய 45 டன் பூட்டுகளை நகராட்சி அகற்றியது. பூட்டு மாட்ட ஒரு நிமிடம் போதும். கூட வருபவரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ள நாற்பது ஆண்டும் போதாமற் போகலாம் என்று எண்ணிக்கொண்டோம்.

முள்முடியை வைப்பதற்கென்றே புனித லூயி அரசர் கட்டி, 1248-இல் அர்ச்சிக்கப்பட்ட ‘புனிதச் சிற்றாலயம்’ சென்றோம். மேல்தளத்துக்குக் குறுகிய சுழற்படிகள். அம்மையார் முன்னே ஏற, ஆசிரியர் ஒரு படி பின்னே கைதாங்கலாய் ஏறினார். மேலே பதினைந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அவற்றில் 1,113 திருக்காட்சிகள். வெயில் சாய்ந்து வண்ணங்கள் தரையில் நகர்வதைப் பார்த்தவாறு இருவரும் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தனர். கைக்கடிகாரத்தை ஆசிரியர் ஒருமுறையும் பார்க்கவில்லை.

ஞாயிறன்று நோத்ர தாம் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தீயில் கூரை எரிந்து, கோபுரமும் சரிந்த ஆலயம் அது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, பழைய முறைப்படியே கருவாலி மரத்தால் கூரை வேய்ந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தனர். சில மணி நேரத்தில் எரிந்ததை மீட்க எத்தனை பொறுமை வேண்டியிருந்தது!

ஊர் திரும்பியபோது குறிப்பேட்டில் ஒன்பது இடங்களே கோடிடப்பட்டிருந்தன. பதினான்கு மிச்சம். அதைப்பற்றி எவரும் வருந்தவில்லை.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே! பாரீசுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. ஆனால் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு நடந்து வருகிறீர்கள். பத்தடி முன்னே நீங்களும், குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறு பின்னே இல்லாளும் வருவதை ஆலய முற்றத்தில் நின்று நாம் காண்கிறோம். வரும் ஞாயிறு ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்து, சேர்ந்து நடந்து வாருங்கள். பூசைக்கு இரண்டு நிமிடம் தாமதமானாலும் நாம் காத்திருப்போம்.