தரைப்பலகைக்குக் கீழே

இங்கிலாந்தில் வீட்டு ஹீட்டிங் வேலையைத் தானே செய்ய வெளிக்கிடுகிறவர் முதலில் ஒரு கோட்டை மனதில் கீறிக்கொள்ள வேணும். எரிவாயுப் பக்கம் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருப்பவருடையது. பொய்லரை மாட்டுவதும், புகைபோக்கியைச் சோதிப்பதும், இயக்கிவைப்பதும் அவர் வேலை. றேடியேற்றர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களை வீட்டுக்காரர் தொடலாம். எங்களுக்கு வந்த விலையில் பாதிக்கு மேல் அந்தக் குழாய்களுக்குத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கத்தை நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

"உனக்கென்ன விசரே? ஆரையாவது பிடிச்சுச் செய்விக்கலாம்தானே" என்றா அம்மா. பயத்துக்குக் காரணம் இருந்தது. குளிர் தொடங்கினால் அவவின் விரல்கள் மடங்காது. ஒக்டோபர் முடிய முதல் வீடு சூடாக வேணும். அதோடு, வாடகை வீடுகளில் ஒரு ஆணி அடிக்கவும் வீட்டுக்காரனிடம் கேட்டு நின்ற வருடங்கள் அவவுக்குள் இன்னும் இருந்தன. நான் தரைப்பலகையைக் கிளப்பியபோது யாரோ வந்து பேசப்போகிறார்கள் என்பதுபோல ஜன்னலைப் பார்த்தா.

கீழே பழைய 8 மில்லிமீற்றர் செப்புக் குழாய்கள். வெட்டியதும் கரிக்குழம்புபோல ஒழுகியது. இரும்பு றேடியேற்றர் உள்ளுக்குள் துருப்பிடித்து வரும் மக்னடைற் அது. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டும். புதிய பொய்லரின் உள்ளே இருக்கும் ஒடுங்கிய வழிகளை அடைக்க இதுவே போதும். அதனால் பிரதான குழாய்கள் 22, கிளைகள் 15 என்று எல்லாவற்றையும் புதிதாகவே இழுத்தேன்.

தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள்தான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. சட்டத்தின் உயரத்தில் எட்டிலொரு பங்குக்கு மேல் பள்ளம் வெட்டக் கூடாது. 200 மில்லிமீற்றர் என்றால் 25. இருபத்திரண்டுக் குழாய் மட்டுமட்டாகப் படுக்கும். சட்டத்தின் நடுப்பகுதியிலும் வெட்டக் கூடாது, சுவர்ப் பக்கமாகத்தான் வெட்ட வேணும். எங்களுக்கு முன் வேலை செய்த புண்ணியவான் நட்டநடுவில் பாதிவரை வெட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் காசு வாங்கிக்கொண்டு செய்தவராகத்தான் இருக்க வேணும். அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து போல்ற் போட ஒரு முழு நாள் போனது.

பள்ளத்தில் குழாய்க்குக் கீழே கம்பளித் துண்டு வைக்க வேணும். 10 மீற்றர் செப்புக் குழாய் 50 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீற்றர் நீளும். இடம் இல்லாவிட்டால் மரத்தில் உரசி இரவிரவாக 'டிக், டிக்' என்று சத்தம் போடும்.

எனக்குப் பிடித்தது ஈயப்பற்று வைப்பது. குழாயின் முனையை மினுங்க உரஞ்சி, பசை பூசி, மூட்டைச் சூடாக்க வேணும். சூடு சரியென்றால் ஈயக்கம்பி தொட்டவுடன் உருகி இடுக்குக்குள் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே வித்தை. ஆனால் சுவாலைக்குப் பக்கத்தில் இருப்பது பல வருடம் காய்ந்த மரமும் தூசியும். தீத்தடுப்புத் துணியை இடையில் பிடித்து, கடைசி மூட்டு முடிந்தும் ஒரு மணித்தியாலம் வாளித் தண்ணீரோடு அங்கேயே குந்தியிருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. ஒன்றும் பேசவில்லை.

பொய்லர் வர முதல் முனைகளை அடைத்து, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் தண்ணீரை நிறுத்திச் சோதித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிஷ்யூத் தாளால் ஒவ்வொரு மூட்டையும் தடவித் தடவிப் பார்த்தா. நான் சொல்லவில்லை. விடியவும் முள் அசையவில்லை, தாளும் ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் பலகைகளை மூடினேன்.

இப்போது சண்டை வேறு. இந்தவகைப் பொய்லர் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் வாங்கும். அதனால் 55இல் அனுப்புகிறேன். றேடியேற்றர் இளஞ்சூடாகத்தான் இருக்கும், அறை மெல்ல மெல்லச் சூடாகும். தொட்டால் சுடாத றேடியேற்றரை அம்மா நம்புவதாயில்லை. இரவில் எழும்பி 70க்கு ஏற்றிவிடுகிறா. காலையில் நான் இறக்கிவைக்கிறேன்.