பூனை இருக்கும் வீடு

தம் வீட்டின் வாசனை தமக்குத் தெரிவதில்லை என்பது இல்வாழ்வாருக்கு இறைவன் அளித்த ஒரு கருணை. ஓர் இடத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டால் போதும். அங்குள்ள வாசனை மூக்குக்குப் பழகிவிடுகிறது. ஆனால் விருந்தாளியின் மூக்கு அவ்வளவு கருணை உடையதன்று.

சென்ற சித்திரையில் தஞ்சாவூரிலிருந்து நம் பெரியப்பா வந்திருந்தார். அவருக்குப் பூனை என்றால் ஆகாது. ஆகையால் நம் வீட்டுப் பூனைகள் இரண்டையும் முன்னதாகவே படுக்கை அறையில் அடைத்து வைத்திருந்தோம். பெரியப்பா செருப்பைக் கழற்றினார்; கூடத்தில் வந்து உட்கார்ந்தார்; காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு, "ஏண்டா, இந்த வீட்டில் எத்தனை பூனை?" என்று கேட்டார்.

"பூனை இருக்கிறதா?" என்று அவர் கேட்கவில்லை. எண்ணிக்கையைத்தான் கேட்டார்!

அன்று மாலையே யுத்தம் பிரகடனம் செய்யப்பட்டது. தரைக்குப் பினாயில், மூலைகளுக்குக் கற்பூரம், கூடத்துக்குச் சாம்பிராணி. இவை போதாவென்று கடையிலிருந்து மல்லிகை வாசனைத் தெளிப்பான் ஒன்று. மூன்று நாளில் வீடெங்கும் புதியதொரு மணம் பரவியது. பூனை ஒன்று கோவில் உற்சவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

நாம் சிறு வயதில் வளர்ந்த கும்பகோணத்து வீட்டிலும் பூனைகள் உண்டு. அந்த நீண்ட வீட்டில் எத்தனையோ வாசனைகள் இருந்தன. பூனை வாசனை மட்டும் இருந்ததில்லை. கொல்லையில் வாழைக் கன்றுகளின் ஓரத்தில் மண் இருந்ததே காரணம். பூனை அங்கே பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரும். இப்போது நாம் குடியிருப்பதோ சென்னையில் மூன்றாவது மாடியில். கொல்லையை விட்டுவிட்டுப் பூனையை மட்டும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். அதற்கு ஈடாக ஸ்நான அறையின் மூலையில் ஒரு மணல் தட்டை வைத்து, மனம் வந்தபோது சுத்தம் செய்துவந்தோம்.

இந்தத் தட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1947-ஆம் வருஷம், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், எட்வர்டு லோ என்பவர், தொழிற்சாலைகளில் ஈரத்தை உறிஞ்சுவதற்காக விற்றுவந்த உலர்ந்த களிமண்ணைப் பூனை வளர்த்த ஓர் அண்டை வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தார். அது வரையில் அந்த அம்மாள் அடுப்புச் சாம்பலை உபயோகித்து, வீடெல்லாம் கரிய காலடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். களிமண் நன்றாக உழைக்கவே, அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. நம் தேசம் சுதந்திரம் அடைந்த அதே வருஷத்தில் பூனைக் குலத்துக்கும் வீட்டுக்குள் குடியுரிமை கிடைத்தது எனலாம்.

குடியுரிமை பெற்ற நம் பூனைகளில் பெண்ணுக்குப் பட்டு என்று பெயர். ஆணுக்கு அதன் மீசையையும் நடையையும் கருதி, குழந்தைகள் 'திவான்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். பெரியப்பா ஊருக்குப் போன பிறகு திவானின் அட்டகாசம் எல்லை மீறியது. சோபாவின் ஓரத்தில் சில துளி. துவைத்து மடித்த துணிக் கூடையில் சில துளி. சமையலறை வாசலில் சில துளி.

"எல்லோரும் திட்டுகிறோம் அல்லவா? அதற்கு ரோஷம். வஞ்சம் தீர்க்கிறது" என்றார் நம் தாயார். சகதர்மிணியும் அதை ஆமோதித்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை திவானைக் கூடையில் வைத்து மீன் அங்காடிப் பக்கம் விட்டுவருவது என்று தீர்ப்பாயிற்று. நாமும் அதற்குச் சம்மதித்தோம். இதை மறைப்பதற்கில்லை.

ஞாயிறு காலையில் கூடை தயாராயிருந்தது. ஒன்பது வயதான நம் பெண் ஸ்நான அறையிலிருந்து ஓடிவந்தாள். "அப்பா, திவான் ரொம்ப நேரமாய் மணலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுமே வரவில்லை. அழுகிறது!" என்றாள்.

போய்ப் பார்த்தோம். திவான் முதுகைக் கூனிக்கொண்டு முக்கியது; தட்டை விட்டு இறங்கியது; மறுபடியும் ஏறியது. அதன் தொண்டையிலிருந்து நாம் என்றும் கேட்டறியாத குரல் ஒன்று வந்தது. கூடை மீன் அங்காடிக்குப் போகவில்லை. கால்நடை வைத்தியரிடம் போயிற்று.

வைத்தியர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "சிறுநீர்ப்பை கல்லைப் போல் இருக்கிறது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அது அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். இது எத்தனை நாளாய்க் கண்ட இடத்தில் போகிறது?" என்று கேட்டார்.

"ஒரு வாரமாய்" என்றோம்.

"அப்போதே சொல்லியிருக்கிறதே! நீங்கள் ஏன் கொண்டுவரவில்லை?" என்றார். மீன் அங்காடி விஷயத்தை நாம் அவரிடம் பிரஸ்தாபிக்கவில்லை.

மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். திவான் மூன்று நாள் அங்கேயே இருந்தது. அந்த மூன்று நாளில் நமக்கும் கொஞ்சம் படிப்பு ஏறியது.

பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்று ஒரு பொருள் உண்டு. அது சிதையும்போது கந்தகம் கலந்த ஆவி எழுகிறது. பூனைக்கே உரிய காட்டம் அதனால்தான். கிருமிகள் யூரியாவைச் சிதைப்பதால் அமோனியாவும் உடன் சேர்கிறது. கருத்தடைச் சிகிச்சை செய்யாத ஆண் பூனையிடம் ஃபெலினைன் மிக அதிகம். சிகிச்சை செய்துவிட்டால் காட்டம் குறையும். சுவரில் பீய்ச்சும் வழக்கமும் ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது பூனைகளிடம் அடங்கிவிடும்.

பினாயில் விஷயத்தில்தான் நமக்குப் பெரிய அதிர்ச்சி. பீனால் வகைப் பொருள்களை நம் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதுபோல் பூனையின் கல்லீரலால் செய்ய இயலாது. அத்தகைய பொருளால் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனை, விஷத்தையே நக்குகிறது. கற்பூரமும் பாச்சை உருண்டையும் அதற்கு ஆகா. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் போட்டாலோ, அமோனியாவுடன் கூடி மூச்சைத் திணறவைக்கும் வாயு உண்டாகும்; அது பூனைக்கு மட்டுமன்றி நமக்கும் கெடுதல். நாற்றத்தை ஒழிக்க நாம் தொடுத்த அஸ்திரங்களில் பாதி, வீட்டாரையே குறி பார்த்தவை!

இப்போது நம் வீட்டில் நடக்கும் முறை இது. பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று அதிகமாகத் தட்டு வைக்க வேண்டும் என்பது வைத்தியரின் கணக்கு. ஆகவே இரண்டுக்கு மூன்று தட்டுகள், வெவ்வேறு இடங்களில். சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகில் வைப்பதில்லை. மணல் இரண்டு அங்குல உயரம். வாசனை கலந்த மணலை வாங்குவதில்லை, ஏனெனில் பல பூனைகளுக்கு அது பிடிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் கரண்டியால் அள்ளி எடுத்துவிடுகிறோம். வாரம் ஒரு முறை மணல் முழுவதையும் மாற்றி, தட்டை வெந்நீரிலும் மென்மையான சவுக்காரத்திலும் கழுவி, வெயிலில் காயவைக்கிறோம்.

தினந்தோறும் அள்ளுவதில் வேறொரு லாபமும் உண்டு. பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே பிறரைத் தொற்றும் வல்லமை பெறுகிறது. இருந்தாலும் கர்ப்பிணிகள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

புதிய கறையானால் தேய்க்கக் கூடாது. பழைய வேஷ்டித் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடியும் ஒற்றி, பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றித் தானாக உலர விட வேண்டும். பழைய கறைகளைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு உதவும். இருட்டில் அதைக் காட்டினால் கறை ஒளிரும். முதல் நாள் இரவு நம் கூடத்தில் அதை ஏற்றினோம். தீபாவளி கெட்டது போங்கள்!

பெரியப்பா மறுபடியும் ஐப்பசியில் வந்தார். காப்பியை வாங்கிக்கொண்டார். ஒரு முறை மூச்சை இழுத்தார். சந்தேகத்துடன் இன்னொரு முறையும் இழுத்தார்.

"பூனைகளை விரட்டிவிட்டாயா? அடப் பாவி, வாயில்லா ஜீவன்களாயிற்றே!" என்றார்.

நாம் பதில் சொல்வதற்குள், அவருடைய நாற்காலியின் அடியிலிருந்து திவான் வெளியே வந்தது, சோம்பல் முறித்தது, மீசையை நிமிர்த்திக்கொண்டு கூடத்தைக் கடந்து சென்றது. நம் பெண் நம்மை நிமிர்ந்து பார்த்தாள். நாம் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.